விரால் இல்லாத வருடம்

அந்த ஏரியின் மீன்களை நான் நோட்டில் இரண்டு பத்திகளாக எழுதி வைத்திருந்தேன். இடது பத்தியில் நாங்கள் குஞ்சாக விட்டவை: கட்லா, ரோகு. வலது பத்தியில் தாமாக வந்தவை: கெண்டை, கெளுத்தி, குரவை, ஜிலேபி, விரால். கடைசிப் பெயரை அடித்துவிட்டால் இடது பத்தி பெருகும் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் பதினொரு பெண்களிடம் சொன்னேன். அவர்கள் நம்பினார்கள்.

2011-இல் எனக்கு இருபத்துமூன்று வயது. பரமக்குடிப் பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்து வந்து, ஒரகடத்தில் கார்களுக்கு பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். வாலாஜாபாத் போகிற சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஓர் ஊரில், மாதா கோயிலுக்கு அடுத்த தெருவில், மாடியறை ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு ஜன்னல், ஜன்னல் நிறைய ஏரி.

கீழ்வீட்டு அக்காவுக்கு என்னைவிடப் பன்னிரண்டு வயது அதிகம். ஐந்து வருடமாக வேறொரு கம்பெனியின் கேன்டீனில் தட்டு கழுவும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சோப்புத் தண்ணீரில் அவள் விரல் இடுக்குகள் எப்போதும் வெடித்திருக்கும். அந்த வருடம் ஏரி நன்றாக நிரம்பியது. அதற்கு முந்தைய வருடங்களில் நிரம்பாததால், வழக்கமாக மீன் குத்தகை எடுக்கும் வெளியூர் ஆள் அந்த முறை வரவில்லை. அக்கா இருந்த மகளிர் குழு மூன்று வருடத்துக்கு ஏரியைக் குத்தகைக்கு எடுத்தது. எடுக்க வைத்தது அக்காதான். மற்ற பத்துப் பேரின் வீட்டுக்கும் தனித்தனியாகப் போய்ப் பேசி எடுக்க வைத்தாள். எடுத்த கையோடு கேன்டீன் வேலையை விட்டாள்.

"நாலரை மணி பஸ்ஸுக்கு மூணே முக்காலுக்கு எந்திரிச்சி, அஞ்சி வருசமா எவனோ தின்ன தட்ட கழுவிகினு இருந்தேன் பாப்பா. இனிமே அந்த பஸ்ஸ ரோட்டுல பாத்தா கூட மூஞ்ச திருப்பிகினு போவேன்" என்றாள்.

லோடு வேன் ஓட்டும் அவள் கணவர் வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "திருப்பிக்கோ, திருப்பிக்கோ. பஸ்ஸு எங்கியும் போவாது. மீனுதான் போவும்" என்றார்.

மீன் போனால் அவள் மறுபடி தட்டுக் கழுவப் போக வேண்டும். அந்த வீட்டில் அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மாடியில் இருந்த எனக்கும் தெரிந்திருந்தது.

மார்கழியில் ஒரு காலை குஞ்சு விட்டோம். நான் இரவு ஷிப்ட் முடிந்து நேராக ஏரிக்கரைக்கு வந்திருந்தேன். அந்த நாட்களில் தூங்காத கண்ணோடு நான் பார்த்தவை எல்லாம் இப்போது நினைத்தால் பாதி கனவாகத்தான் இருக்கின்றன. தண்ணீர்மேல் மூட்டம் படிந்திருந்தது. எதிர்க்கரைக்குப் பின்னால் இருந்த தொழிற்சாலைகளின் நீலக் கூரைகள் தலைகீழாக ஏரிக்குள் இறங்கி, லேசாக அசைந்துகொண்டிருந்தன. காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளில் குஞ்சுகள் வந்திருந்தன. பையை அப்படியே தண்ணீரில் மிதக்கவிட்டு, உள்ளே இருக்கும் தண்ணீரும் வெளியே இருக்கும் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகுதான் வாயை அவிழ்க்க வேண்டும். பைகள் மிதந்தன. நாங்கள் முழங்கால் தண்ணீரில் நின்று காத்திருந்தோம். ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். ஒருத்தி கற்பூரம் கொளுத்தினாள். அவிழ்த்ததும் ஆணி நீளத்தில் வெள்ளி வெள்ளியாக ஏதோ வெளியே ஓடி, உடனே ஒன்றுமில்லாமல் ஆனது. ஏரி அவற்றை வாங்கிக்கொண்டதற்கு ஒரு அடையாளமும் காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வருவார்கள். பளபளக்கும் தூண்டில் கழி, ரப்பரில் செய்த பச்சைத் தவளை, கறுப்புக் கண்ணாடி. தவளையைத் தாமரை இலைகளுக்கு இடையில் வீசி, நடக்கிற மாதிரி இழுத்து வருவார்கள். இலைக்கு அடியிலிருந்து தண்ணீர் வெடித்து விரால் அதைக் கவ்வும். கையளவு நீளமும் முழங்கையளவு நீளமுமாகப் பிடிப்பார்கள். அவர்களுக்கு அது சாப்பாடு அல்ல, ஆட்டம். விரால் கொடுக்கும் முரண்டுக்காகவே அத்தனை தூரம் வந்தார்கள். பிடித்ததைக் கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொண்டு, மீனை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

"இதுக்கா இவ்ளோ பெட்ரோல் போட்டுகினு வரீங்க?" என்று அக்கா கேட்பாள்.

"அது ஒரு கிக்குக்கா."

"இன்னா கிக்கு? எங்க வூட்டுக்காரரும் கிக்குன்னு சொல்லிட்டுதான் போறாரு. அவரு மீன் கூட கொண்டாறது இல்ல."

அந்த விரால்களை அக்கா பின்கட்டில் சாம்பல் தேய்த்து அரிவாள்மணையில் ஆயும்போது நான் நோட்டோடு பக்கத்தில் உட்கார்வேன். அதன் இரைப்பையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது என் யோசனை. விரால் எங்கள் குஞ்சுகளைத் தின்கிறது என்று குழுவில் எல்லோரும் சொன்னார்கள். சொல்வதை எண்ணிப் பார்ப்பது என் தொழில்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. கழித்துப் போட்ட பாகங்களை வாரக் கடைசியில் மேஜைமேல் கொட்டிக் காரணவாரியாகப் பிரிப்போம். கீறல், குழிவு, நிற மாற்றம், மற்றவை. எந்தக் குவியல் பெரிதோ அந்தக் காரணத்தைத்தான் முதலில் ஒழிக்க வேண்டும். ‘மற்றவை’ குவியல் பெரிதானால் பார்த்தவர் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். "மற்றவைன்னு எழுதறதுக்கு எதுக்குமா டிப்ளமோ?" என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கேட்பார். அதனால் மற்றவையில் விழ வேண்டியதை நாங்கள் எப்படியாவது வேறு குவியலில் சேர்த்துவிடுவோம். கொஞ்சம் கீறல் மாதிரித் தெரிந்தால் கீறல். கை தானாக அந்தப் பக்கம் போகும்.

விரால் இரைப்பைக்கும் நான் பத்திகள் போட்டேன். கட்லா குஞ்சு, தவளை, நண்டு, மற்றவை. முழுசாக இருப்பது அபூர்வம். பெரும்பாலும் பாதி செரித்த குஞ்சுகள்தான். தலை கரைந்திருக்கும், நிறம் இருக்காது, ஒரு வெள்ளை முதுகெலும்பும் கொஞ்சம் தோலும் மிஞ்சியிருக்கும். அவற்றைப் பென்சிலால் வரைந்துகொண்டேன். வரைந்துவிட்டு, ஏரியில் குஞ்சு விட்டு இத்தனை வாரம்தானே ஆகிறது என்று கட்லா பத்தியில் கோடு போட்டேன். மற்றவை பத்தி சுத்தமாக, கிட்டத்தட்டக் காலியாக இருந்தது. எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

ஆனியில் முதல் வலை. கட்லா வந்தது, நல்ல எடையில் வந்தது, ஆனால் நினைத்ததில் பாதிகூட இல்லை. அடுத்த ஞாயிறு மாதா கோயிலை ஒட்டிய தகரக் கொட்டகையில் குழு கூடியபோது நான் ஒரு சார்ட் தாளில் விரால் இரைப்பைக் கணக்கைப் பட்டைகளாக வரைந்து எடுத்துப் போனேன். கட்லா குஞ்சுப் பட்டை மட்டும் தாளின் உச்சி வரை போனது.

குழுவில் தையல் மெஷின் வைத்திருந்த ஒரு அக்கா இருந்தாள். வாய்த்துடுக்கு அதிகம். தையலக்கா என்று கூப்பிடுவோம். தாளை ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "இந்த நெட்டப் பட்டதான் வெராலா? பரவால்ல, அவன் மாதிரியே வரஞ்சிகீற" என்றாள்.

"விரால எடுத்துட்டா குஞ்சு தப்பிச்சுக்கிரும்க்கா" என்றேன்.

"கம்பெனி பாப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அக்கா எழுந்து நின்று சொன்னாள். அவள் குரலில் இருந்த நிம்மதி இன்னும் காதில் இருக்கிறது.

கோடையின் மிச்சமும் அதன் பின்னால் வந்த மழைக்கு முந்தின நாட்களும் விரால் பிடிக்கும் நாட்கள். நகரத்து ஆட்களிடம் "எவ்ளோ வேணா எடுத்துகினு போங்க" என்று சொன்னோம். அவர்கள் நண்பர்களையும் கூட்டி வந்தார்கள். பெண்கள் தெர்மாகோல் மிதவையில் உட்கார்ந்து போய், இரை கோத்த தூண்டில்களை மாலை வரிசையாகக் கட்டிவிட்டு, காலையில் எடுத்து வந்தார்கள். தண்ணீர் குறையக் குறைய விராலுக்கு ஒளிய இடமில்லை.

ஒரு காலை, முதல் மழை பெய்த மறுநாள், கரையோரக் கோரைக்குள் ஒரு ஆரஞ்சு நிறப் பந்து நகர்வதைப் பார்த்தேன். யாரோ குங்குமப்பூவைத் தண்ணீரில் கரைத்துவிட்ட மாதிரி இருந்தது. சுருங்கும், விரியும், மெல்லத் திரும்பும். விரால் குஞ்சுகள். பார்ப்பு என்பார்கள். பந்துக்கு அடியில் தாயும் தகப்பனும் இரண்டு நிழல்களாக நின்றன. காவலுக்கு நிற்கும் விரால் பார்ப்பை விட்டு ஓடாது. அதனாலேயே பிடிப்பது சுலபம். தையலக்கா இரண்டையும் பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டாள். பந்து கொஞ்ச நேரம் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு ஓரங்களில் தண்ணீர் துள்ள ஆரம்பித்தது. கீழிருந்து எவையோ வந்து கொத்தின. நான் அறைக்குப் போய்த் தூங்கி எழுந்து மாலை வந்து பார்த்தபோது அந்த நிறம் ஏரியில் எங்கும் இல்லை. நோட்டில் "இரண்டு விரால்" என்று எழுதினேன்.

மறுபடி மார்கழி, மறுபடி பைகள், கற்பூரம். அந்த வருடம் ஏரி வேறு மாதிரி இருந்தது. விரால் மூச்செடுக்க மேலே வரும்போது ஒரு சத்தம் வரும், பெரிய ஆள் ஒருவர் உதட்டைப் பிரிக்கிற மாதிரி. அது நின்றுபோயிருந்தது. காலையில் கரையில் நடந்தால் தண்ணீர் முழுக்க ஒரு மெல்லிய சிலிர்ப்பு, தூறல் விழுகிற மாதிரி, ஆனால் வானத்தில் மேகமே இருக்காது. எல்லாம் குஞ்சுகள். பெண்கள் கரையில் நின்று கைகொட்டினார்கள்.

"ஏரி ஃபுல்லா குஞ்சு கீது பாரு! ஒண்ணு கூட சாவல!"

மாசியில் தண்ணீர் கொஞ்சம் இறங்கியபோது ஓரத்துச் சேற்றில் வட்ட வட்டமாகக் குழிகள் தெரிந்தன. சாப்பாட்டுத் தட்டு அகலத்தில், ஒன்றை ஒன்று தொடாமல், கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும். ஏதோ பெரிய விருந்துக்குத் தட்டு போட்டு வைத்துவிட்டு எல்லோரும் எழுந்து போன மாதிரி. நான் அவற்றின் நடுவே வெகுநேரம் நின்றிருக்கிறேன். அழகாக இருக்கிறது என்று மட்டும்தான் தோன்றியது. அவை ஜிலேபி மீன் முட்டையிடத் தோண்டும் குழிகள் என்பதும், கட்லா இப்படி நிற்கிற தண்ணீரில் குஞ்சு பொரிக்காது என்பதும், அதனால் பெண்கள் கைகொட்டிய குஞ்சுகளில் எதுவும் எங்களுடையது அல்ல என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முடியாத விஷயங்கள் இல்லை. கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஆனியில் வலை கனத்தது. பதினொரு பேரும் இழுக்க முடியாமல் அக்கா வீட்டுக்காரரும் வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கினார். சிரிப்பும் கூச்சலுமாகக் கரைக்கு இழுத்தோம். வலை நிறைய ஜிலேபி. எல்லாம் உள்ளங்கை அளவு. முதுகு முள்ளை விரித்துக்கொண்டு, குத்திக்கொண்டு, ஒன்றின்மேல் ஒன்றாகத் துடித்தன. அவற்றுக்கு நடுவில் கட்லாக்கள் கிடந்தன. செத்துப்போகவில்லை, யாரும் தின்றுவிடவில்லை. ஆனால் பெரிய தலைக்குப் பின்னால் ஒட்டிய வயிறு. நீண்ட காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்கள் மாதிரி இருந்தன. ஏரியில் இருந்த இரையை எல்லாம் ஜிலேபிக் கூட்டம் வழித்துத் தின்றிருந்தது.

சிரிப்பு நின்றது. தையலக்கா ஒரு ஜிலேபியை வாலில் பிடித்துத் தூக்கி, "இத்த ஆய்றதுக்குள்ள புருசன் வேற வூடு பாத்துகினு பூடுவான்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. மீன் வியாபாரி குவியலைப் பார்த்துவிட்டு, கோழித் தீவனத்துக்குத்தான் ஆகும் என்று சொல்லிப் போனார்.

பழி அக்காவின்மேல் விழுந்தது. குஞ்சு வாங்கப் போனவள் அவள். மட்டமான குஞ்சைத் தலையில் கட்டிவிட்டார்கள், இவளும் வாங்கி வந்துவிட்டாள் என்று தெருவில் பேசினார்கள். ஆடி பிறந்த முதல் திங்கட்கிழமை, விடியும் முன் கீழே தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அவள் பழைய கேன்டீன் சீருடையில், டிபன் டப்பாவோடு பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே ஒரு மாலை அவள் பின்கட்டில் ஜிலேபி ஆய்ந்துகொண்டிருந்தாள். ஏரியில் அதைத் தவிர வேறு இல்லாததால் தினமும் அதுதான். உயிரோடு இருந்த ஒன்றை அலுமினியச் சட்டியிலிருந்து எடுத்தபோது அது வாயைத் திறந்தது. வாயிலிருந்து கொசு அளவில் குஞ்சுகள் கொட்டின. சட்டித் தண்ணீரில் சிதறி ஓடின. மீனை அவள் மறுபடி தண்ணீரில் விட்டதும் அத்தனையும் திரும்பி வந்து வாய்க்குள் நுழைந்துகொண்டன.

"ஐய, வாயில வெச்சிகினே குடும்பம் நடத்துது பாரு" என்றாள் அக்கா. பல நாட்களுக்குப் பிறகு சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. சட்டி ஓரத்தில் கொஞ்சம் பெரிய குஞ்சு ஒன்று செத்து மிதந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அவ்வளவு சிறிய உடம்பிலும் முதுகு நெடுக முள் வரிசை. அந்த வரிசையை எனக்குத் தெரியும். அதை நான் வரைந்திருக்கிறேன்.

மாடிக்குப் போய் முதல் வருட நோட்டை எடுத்தேன். பென்சில் படங்கள் ஒழுங்காக இருந்தன. கை என்னமோ பார்த்ததைத்தான் வரைந்திருந்தது. தலை கரைந்த குஞ்சுகள் ஏறக்குறைய எல்லாவற்றின் முதுகிலும் சின்னச் சின்னக் கோடுகள், முட்கள். கட்லாவுக்கு முதுகில் முள் கிடையாது. விரால் எங்கள் குஞ்சுகளைத் தின்றது உண்மை, ஆனால் கொஞ்சம். அது வயிறு நிறையத் தின்றது ஜிலேபியை. நான் மற்றவை என்று எழுத வெட்கப்பட்டு அத்தனையையும் கட்லா என்று எழுதியிருந்தேன். ஏரியில் ஜிலேபியைக் கட்டி வைத்திருந்த ஒரே மீனை, அந்தப் பத்தியைக் காட்டித்தான் வெளியேற்றினோம்.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணங்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்று, சொன்னால் போன மீன் வராது. இரண்டு, எனக்கு எப்படியும் அடுத்த வருடம் வேறு பிளான்டுக்கு மாற்றல் வரலாம். மூன்று, பயம். மூன்றாவதை எழுதிய பிறகு முதல் இரண்டும் நிற்கவில்லை.

ஞாயிறு கொட்டகையில் கூட்டம். குத்தகையில் ஒரு வருடம் மிச்சம் இருக்கும்போதே ஏரியைப் பழைய வெளியூர் ஆளிடம் விட்டுவிடலாமா என்பதுதான் பேச்சு. ஐந்து பேர் விடலாம் என்று கை தூக்கியிருந்தார்கள். அக்கா தலை குனிந்து விரல் இடுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி வெடிக்க ஆரம்பித்திருந்தது. நான் எழுந்து நோட்டைத் திறந்து படங்களைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். குஞ்சு மட்டம் இல்லை, அக்கா ஏமாறவில்லை, நான்தான் தப்பாக எண்ணினேன் என்று சொன்னேன். சார்ட் தாளின் அந்த உயரமான பட்டை விரால் செய்த கெடுதல் இல்லை, செய்த உதவி என்றேன்.

நோட்டு கைமாறிக் கைமாறிப் போனது. பிறகு தையலக்கா, "அப்போ வெராலு நல்லவன்ற?" என்றாள்.

"நல்லவன்னு இல்லக்கா. அவன் பசிக்கு அவன் தின்னான். அதுல நமக்கு லாபம் இருந்துச்சு."

"தெருவுல ஒரு பேட்ட ரவுடி இருந்தான். அவன உள்ள போட்டதும் பொறுக்கிங்க ஆயிரம் பேரு கெளம்பிட்டானுங்க. அதானே சொல்ற?"

"அதேதான்க்கா."

"இத்த போன வருசம் சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னாடி? நெட்டப் பட்ட வரஞ்சிகினு வந்தியே!"

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். படிச்சவ பேச்சைக் கேட்டது தப்பு என்றாள் ஒருத்தி. படிக்காதவ பேச்சைக் கேட்டு நடந்ததா என்ன என்றாள் இன்னொருத்தி. கூட்டம் இரைந்து ஓய்ந்த பிறகு அக்கா என்னைப் பார்த்து, "எப்போ தெரிஞ்சிச்சி உனுக்கு?" என்றாள்.

"புதன்கிழம."

"மூணு நாளா நா பஸ் ஏறச்சொல்ல மாடிலருந்து பாத்துகினு இருந்த."

"ஆமாக்கா."

அவள் எழுந்தாள். கொட்டகை ஓரத்தில் கிடந்த சாக்பீஸை எடுத்தாள். சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து ஒரு விரால் வாய் அகலத்துக்கு வட்டம் போட்டாள். எத்தனையோ விரால் ஆய்ந்த கை. அளவு சரியாக இருந்தது.

"அவன் வாயி இவ்ளோதானே. இதுக்குள்ள போவாத சைசுல குஞ்சு வுட்டா?" என்றாள். "ஆணி மாதிரி இருக்கறத ஏன் வுடணும்? வலைக்குள்ளாற வெச்சி ரெண்டு மாசம் வளத்து, சாண் நீளம் ஆனதும் தொறந்து வுடலாம். அவன் ஜிலேபிய தின்னுகினு கெடக்கட்டும்."

யாருக்கும் இரண்டு வருடமாகத் தோன்றாதது அது. எனக்கும் தோன்றவில்லை. நான் மீனை எண்ணினேன், அவள் வாயை அளந்தாள்.

கை தூக்கிய ஐந்தில் மூன்று கை இறங்கியது. ஏரி குழுவிடமே இருந்தது. ஆனால் அந்த வருடம் அக்காவைத் தாங்கும் நிலையில் ஏரி இல்லை. அவள் பஸ்ஸில்தான் போய் வந்தாள். காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு இறங்கி, சீருடையை மாற்றாமல் ஏரிக்குப் போவாள். தையலக்கா கொசுவலைத் துணிகளை வாங்கி ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்தாள். மூங்கில் நட்டு, ஏரிக்குள் நான்கு வெள்ளை அறைகள் கட்டினோம். காற்றடித்தால் துணி உப்பும். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ தண்ணீருக்குள் படுக்கை விரித்து உறங்குகிற மாதிரி இருக்கும்.

விராலை மறுபடி கொண்டுவருவது என் பொறுப்பு என்று எல்லோரும் ஒரே மனதாக முடிவு செய்தார்கள். வாலாஜாபாத் மார்க்கெட்டில் உயிர் விரால் அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் கிடக்கும். நானும் அக்காவும் போனோம். விற்கிற அம்மா ஒன்றைக் கழுத்தில் பிடித்துத் தூக்கி, "செதில் எடுத்துத் தரவா?" என்றாள்.

"வேணாம்மா. உயிரோட வேணும்" என்றேன்.

"உயிரோடவா? கொழம்புல நீஞ்ச வுடப் போறியா?"

"ஏரில விடறதுக்கு."

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தாள். "இன்னா வேண்டுதலா?"

"பாவத்த தொலைக்கறோம்" என்றாள் அக்கா, என்னை ஓரக்கண்ணால் பார்த்தபடி. "ஆணும் பொண்ணுமா பாத்துக் குடு."

"இதுல நா எங்க பாவாட தூக்கிப் பாக்க? கெடைச்சத எடுத்துகினு போ."

நனைந்த கோணிச் சாக்கில் ஷேர் ஆட்டோவில் ஏற்றினோம். விரால் காற்றையும் சுவாசிக்கும், ஈரம் இருந்தால் மணிக்கணக்கில் தாங்கும். பாதி வழியில் சாக்கு துள்ளி எதிரில் இருந்தவரின் மடியில் விழுந்தது. அவர் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கியே போய்விட்டார். அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தகரக் கொட்டகைக்குப் பிறகு அவள் என் தோளைத் தொட்டது அன்றுதான்.

இப்படி நான்கைந்து முறை போனோம். நகரத்து ஆட்கள் திரும்ப வந்தபோது அக்கா கரையில் நின்று சட்டம் சொன்னாள். விரால் பிடிக்கலாம், படம் எடுக்கலாம், அங்கேயே விட்டுவிட வேண்டும். ஜிலேபி மாட்டினால் கொண்டு போகலாம்.

"ஜிலேபி எதுக்குக்கா, அதுல கிக்கே இல்லியே" என்றான் ஒருவன்.

"கிக்கு வேணும்னா டாஸ்மாக் போ."

விரால்கள் உடனே எதையும் மாற்றிவிடவில்லை. ஏரி ஜிலேபியால்தான் சிலிர்த்துக்கொண்டிருந்தது. தை மாதத்தில் ஒரு காலை, தாமரை இலைகளுக்கு நடுவில் அந்த உதடு பிரிகிற சத்தம் கேட்டது. பிறகு வேறொரு இடத்தில். நான் நோட்டில் எழுதவில்லை, நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மாசியில் வலை அறைகளை அவிழ்த்தபோது சாண் நீளக் கட்லாக்கள் அவசரமே இல்லாமல் வெளியே போயின. பங்குனியில் ஓரத்துக் குழிகளை எண்ணினேன். முந்தைய வருடம்போல அவ்வளவு இல்லை. ஆனால் எண்ணிக்கையை நான் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம், இன்னும் தெரியாது என்றேன். அதைச் சொல்வது பழக எட்டு மாதம் ஆகியிருந்தது.

மூன்றாவது ஆனி. வலை போடும் நாள் புதன்கிழமையில் விழுந்தது. அக்கா விடுப்புக் கேட்டாள், கேன்டீன் சூப்பர்வைசர் தரவில்லை. விடியும் முன் நாங்கள் எல்லோரும் தண்ணீரில் இறங்கியபோது அவளும் இறங்கியிருந்தாள், சேலையை முழங்காலுக்குமேல் செருகிக்கொண்டு. சாலையில் கம்பெனி பஸ் வந்து நின்றது. இரண்டு முறை ஹாரன் அடித்தது. அவள் வலைக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. பஸ் போயிற்று. அப்போது வலை இன்னும் ஏரியின் நடுவில்தான் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

இழுத்தோம். கனமாக இருந்தது. போன வருடமும் கனமாகத்தான் இருந்தது என்று ஒவ்வொருவர் முகத்திலும் எழுதியிருந்தது. யாரும் கூச்சல் போடவில்லை. வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஒரு நிறத்தில் நில்லாமல் சாம்பலும் இளஞ்சிவப்புமாக மாறிக்கொண்டிருந்தது. வலை சுருங்கியதும் முதலில் மேலே வந்தது ஒரு முதுகு, அகலமாக, கறுப்பாக. அதன் பின்னால் இன்னொன்று. தையலக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி உள்ளே கையை விட்டு ஒன்றைத் தூக்கினாள். கட்லா. தலைக்குப் பொருத்தமான உடம்பு.

"அம்மாடி, இவ இன்னா மாசமா கீறாளா?" என்றாள்.

ஜிலேபியும் இருந்தது. குறைவாக, ஆனால் பெரிதாக, இரண்டு கை அகலத்தில். விரால் சில வந்தன. அவற்றைப் பார்த்துப் பார்த்து மறுபடி விட்டார்கள். முதல் வருடத்தைவிட அதிகம் என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. எடை போட்டுப் பார்க்காமல் அதற்குமேல் சொல்ல நான் தயாராக இல்லை.

ஏழு மணி இருக்கும். அக்காவின் கைபேசி கரையில் டிபன் டப்பாவின்மேல் அடித்தது. அவள் இரண்டு கையும் வலைக்கண்ணில் மாட்டிய கட்லாவில் இருந்தது. நான் ஓடிப்போய் எடுத்து வந்து அவள் காதில் வைத்துப் பிடித்தேன். சூப்பர்வைசரின் குரல் எனக்கும் கேட்டது. ஏன் வரவில்லை, இன்றைக்கு யார் தட்டுக் கழுவுவது, நாளைக்காவது வருவாயா மாட்டாயா என்று கேட்டுக்கொண்டே போனார்.

அக்கா செவுளுக்கு அடியில் விரலை விட்டு மீனை மெல்லப் பின்னால் தள்ளி, வலைநூலை அதன் தலைக்குமேல் உருவினாள்.

"இல்ல சார்" என்றாள். "நாளைக்கும் இல்ல. வேற ஆளப் போட்டுகோங்க."

தலையை லேசாக அசைத்தாள். நான் கைபேசியை எடுத்துக்கொண்டேன். அவள் அதற்குள் அடுத்த மீனிடம் போயிருந்தாள்.